டெக்சாஸின் மூன்று அதிபர் அருங்காட்சியகங்கள்: குடும்பத்தோடு ஐந்து நாள் கார்ப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஹூவர் தொடங்கி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வரை 13 அதிபர்களுக்கு, தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில், சொந்தக் கட்டடத்தோடு கூடிய நூலகமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அவற்றுள் மூன்று டெக்சாஸ் மாநிலத்தில் உள்ளன. வேறெந்த மாநிலத்துக்கும் இந்த எண்ணிக்கை இல்லை. லிண்டன் ஜான்சனுக்கு ஆஸ்டினிலும், மூத்த புஷ்ஷுக்குக் காலேஜ் ஸ்டேஷனிலும், இளைய புஷ்ஷுக்கு டாலஸிலும் இவை அமைந்துள்ளன. மூன்று ஊர்களையும் சாலைவழியே இணைத்தால் ஏறத்தாழ 480 மைல் சுற்றுள்ள ஒரு முக்கோணம் கிடைக்கிறது. ஜான்சனின் பண்ணையையும் சேர்த்துக்கொண்டால் 610 மைல் ஆகும். பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி ஆகியோரோடு அவசரமின்றிப் பார்க்க ஐந்து நாட்கள் போதும்.

இந்த வழிகாட்டி காலவரிசைப்படி அமைக்கப்பட்டுள்ளது. டாலஸில் 1963ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கி, ஆஸ்டின், காலேஜ் ஸ்டேஷன் வழியாக மறுபடியும் டாலஸுக்கு, 2001க்கும் 2009க்கும் இடைப்பட்ட காலத்துக்கு, வந்து சேர்கிறோம். சாலை வசதியை மட்டும் கருதி எந்த வரிசையிலும் போகலாம். ஆனால் முந்தைய அதிபர் செய்ததன் விளைவைப் பிந்தையவரின் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் வாய்ப்பு இந்த வரிசையில்தான் கிடைக்கிறது. இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் எப்படி இந்த நாட்டுக்கு வந்தோம் என்ற கேள்விக்கான விடையில் பாதி, இந்த மூவரில் இருவர் கையெழுத்திட்ட சட்டங்களில் இருக்கிறது.

புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

'நூலகம்' என்ற பெயரைக் கேட்டு, புத்தகம் இரவல் தரும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். அதிபரின் ஆட்சிக்காலக் கடிதங்கள், குறிப்புகள், ஒலிப்பதிவுகள், பரிசுப் பொருள்கள் ஆகியவற்றைக் காக்கும் ஆவணக் காப்பகம் ஒரு பக்கமும், பொதுமக்களுக்கான அருங்காட்சியகம் மறுபக்கமுமாக இவை இயங்குகின்றன. பிராங்ளின் ரூஸ்வெல்ட் தம் ஆவணங்களை நாட்டுக்குக் கொடுத்து, நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் 1941இல் திறந்துவைத்த நூலகம்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி. 1955இல் இயற்றப்பட்ட சட்டம் அந்த முறையை நிலைப்படுத்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தை எழுப்புவதற்கான பணத்தை அதிபரின் நண்பர்களும் ஆதரவாளர்களும் அறக்கட்டளை மூலம் திரட்டுகிறார்கள். பராமரிப்பில் அரசு பின்னர் வந்து சேர்கிறது. ஆகவே காட்சிக்கூடத்தின் முதல் குரல் பெரும்பாலும் அன்பர்களின் குரலாகவே இருக்கும். கலிஃபோர்னியாவில் உள்ள நிக்சன் நூலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990இல் தனியார் நிறுவனமாகத் திறக்கப்பட்ட அது 2007இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய காட்சிப்பகுதி புதிதாக எழுதப்பட்டுத் திறக்கப்பட்டது 2011இல்தான். அந்தப் பகுதியை யார் எழுதுவது என்பதில் நடந்த இழுபறி நாடறிந்தது.

எனவே பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, ஒவ்வோர் அருங்காட்சியகத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லலாம். இவர் எதைப் பெருமையாகக் கருதினார்? எதற்காக வருந்தினார் அல்லது வருந்தியிருக்க வேண்டும்? எந்தச் செய்திக்கு மிகச் சிறிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? மூன்றாம் கேள்வி கடினமானது. அதற்கு விடை காண, சுவரில் இல்லாததைத் தேட வேண்டும். அதற்காகவாவது வீட்டிலேயே ஒரு மாலை உட்கார்ந்து, வியட்நாம் போர், பெர்லின் சுவர், இராக் போர் ஆகிய மூன்றையும் பற்றிப் பெற்றோர் கதைபோலச் சொல்லிவைப்பது நல்லது.

காலமும் முன்பதிவும்

மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மிகச் சிறந்த காலம். சாலையோரங்களில் புளூபானட் என்னும் நீலப் பூக்கள் விரிந்து கிடக்கும். நெடுஞ்சாலைகளை அழகுபடுத்த 1965இல் வந்த சட்டத்துக்கு முன்னின்றவர் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் என்பதால், அந்தப் பூக்களும் இந்தப் பயணத்தின் காட்சிப்பொருள்களே. கோடை விடுமுறையில் வெயில் 38 பாகை செல்சியஸைத் தாண்டுவது இயல்பு; பண்ணையிலும் கல்லறைத் தோட்டத்திலும் வயதானவர்களால் நடக்க இயலாது. இலையுதிர் காலத்தில் வெயில் தணிந்துவிடும் என்றாலும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகள் குறுக்கிடும். ஆஸ்டின் நூலகம் பல்கலைக்கழக விளையாட்டரங்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. காலேஜ் ஸ்டேஷனின் கைல் ஃபீல்ட் அரங்கமோ ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். போட்டி நாள் என்று தெரியாமல் ஓர் அக்டோபர் சனிக்கிழமை நாங்கள் ஆஸ்டினுக்குப் போய், வண்டி நிறுத்த இடமின்றி ஒன்றரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினோம். இரு பல்கலைக்கழகங்களின் போட்டி அட்டவணையையும் பார்த்த பிறகே விடுதியைப் பதிவு செய்யுங்கள்.

மூன்று அருங்காட்சியகங்களும் நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாட்களில் மூடப்பட்டிருக்கும். வாஷிங்டனில் நிதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறாமல் அரசு முடங்கும்போது இவற்றின் கதவுகளும் அடைபடக்கூடும் என்பதால், அத்தகைய செய்திகள் அடிபடும் வாரங்களைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது. மூத்தோருக்கும் மாணவர்களுக்கும் சலுகை உண்டு. ஓர் அருங்காட்சியகத்தின் குடும்ப உறுப்பினர் அட்டையைக் காட்டினால் மற்ற அதிபர் அருங்காட்சியகங்களிலும் இலவச அனுமதி கிடைக்கும் ஏற்பாடு பொதுவாக இருக்கிறது. ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தனித்தனிச் சீட்டுகளைவிட அது மலிவாக அமையலாம். முதல் இடத்தில் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதிபர் நூலகங்களுக்கென்றே பாஸ்போர்ட் போன்ற ஒரு சிறு புத்தகம் விற்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் அதில் முத்திரை குத்தித் தருவார்கள். எட்டு வயதுப் பிள்ளையை இரண்டு மணி நேரம் அருங்காட்சியகத்தில் பொறுமையாக இருக்கவைப்பதற்கு இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, காட்சிக்கூடங்களுக்குள் உணவுக்கு அனுமதி இல்லை. புளியோதரையையும் தயிர்சாதத்தையும் பனிக்கட்டிப் பெட்டியில் காரிலேயே வைத்துவிட்டு, மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். மூன்று இடங்களிலும் சுற்றிலும் புல்வெளி இருக்கிறது. டெக்சாஸின் சுங்கச் சாலைகளில் பெரும்பாலும் காசு வாங்கும் சாவடி கிடையாது, வண்டி எண்ணைப் படமெடுத்துப் பின்னர் கட்டணச்சீட்டு அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் அதன்மேல் கூடுதல் கட்டணம் ஏறும். வழிகாட்டிச் செயலியில் சுங்கச் சாலையைத் தவிர்க்கும்படி முதலிலேயே அமைத்துவிடுங்கள்.

முதல் நாள்: டாலஸ், டீலி பிளாசா

அதிபர் கென்னடி 1963 நவம்பர் 22 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட இடத்தில், அன்று பள்ளிப் பாடநூல் கிடங்காக இருந்த கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. இது அதிபர் நூலகங்களின் வரிசையில் சேராது. ஆனால் ஜான்சனின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. நேரம் குறித்த சீட்டுகள் என்பதால் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு காலையிலேயே போய்விடுங்கள். வாரத்தின் எல்லா நாட்களும் திறந்திருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். குண்டு பாய்ந்து வந்த மூலை ஜன்னலைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய நிலையில், அன்றிருந்தபடியே அமைத்துவைத்திருக்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கீழே உள்ள புல்வெளியில் ஒருவர் பார்த்துக்கொள்வதே நல்லது. எல்ம் தெருவின் நடுவில் ஓடிப்போய் நின்று படமெடுத்துக்கொள்பவர்களைப் பார்ப்பீர்கள். அந்தத் தெருவில் வண்டிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அன்று பிற்பகல் 2:38 மணிக்கு, டாலஸின் லவ் ஃபீல்ட் விமான நிலையத்தில் நின்ற அதிபர் விமானத்துக்குள்ளேயே துணை அதிபர் ஜான்சன் பதவியேற்றார். அருகில், கணவரின் இரத்தக்கறை படிந்த உடையோடு ஜாக்குலின் நின்றார். அந்தப் புகைப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு ஐ-35 நெடுஞ்சாலையில் தெற்கே 195 மைல் ஓட்டுங்கள். வேக்கோ ஊருக்கு முன்னால் வரும் வெஸ்ட் என்னும் சிற்றூரில், செக் நாட்டுக் குடியேறிகளின் வழியில் செய்த கொலாச்சி என்ற பழம் வைத்த பன் கிடைக்கும். இறைச்சி பொதிந்த வகையும் அதே அலமாரியில்தான் இருக்கும் என்பதால், சைவக் குடும்பத்தினர் கேட்டு வாங்க வேண்டும். இரவு ஆஸ்டினில் தங்கல்.

இரண்டாம் நாள்: ஆஸ்டின், ஜான்சன் நூலகம்

மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள் என்பேன். 1971 மே மாதம் ஜான்சனே திறந்துவைத்த இந்தப் பத்து மாடிக் கட்டடம் வெளியிலிருந்து பார்க்க ஜன்னலற்ற பெரும் கற்பெட்டிபோல இருக்கும். உள்ளே பெருங்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், நான்கு மாடி உயரத்துக்குக் கண்ணாடிக்குப் பின்னால், பொன்னிற முத்திரை பதித்த சிவப்புப் பெட்டிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இங்குள்ள ஆவணங்கள் ஏறத்தாழ நாலரைக் கோடிப் பக்கங்கள். பெட்டிகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. ஆய்வாளர்கள் கேட்டு வாங்கிப் படிக்கும் அசல் தாள்கள் அவற்றுக்குள் இருக்கின்றன.

ஜான்சன் தம் தொலைபேசி உரையாடல்களை ரகசியமாகப் பதிவு செய்துவைத்தார். 600 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பதிவுகளைத் தம் மறைவுக்குப் பின் 50 ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார். ஆனால் நாடாக்கள் சிதைந்துவிடும் என்ற அச்சத்தால் 1990களிலேயே நூலகம் அவற்றைத் திறந்துவிட்டது. காட்சிக்கூடத்தில் ஆங்காங்கே உள்ள தொலைபேசிகளை எடுத்துக் காதில் வைத்தால், அவர் கெஞ்சுவதையும் மிரட்டுவதையும் சிரிப்பதையும் கேட்கலாம். அவசரப்படாதீர்கள். பலகைகளில் எழுதியிருப்பதை வாசிப்பதைக் குறைத்துக்கொண்டாவது இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நண்பர்கள் எழுதிய புகழுரைக்கு நடுவே, வடிகட்டாத குரல் ஒலிக்கும் இடம் இதுவே.

1964இன் குடிமை உரிமைச் சட்டம், 1965இன் வாக்குரிமைச் சட்டம், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு என்று ஜான்சன் செய்தவற்றின் பட்டியல் பெரிது. அவற்றுக்கிடையே 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்லுங்கள். அதற்கு முன், 1946 முதல், இந்தியர்களுக்கு ஆண்டொன்றுக்கு 100 குடியேற்ற அனுமதிகளே ஒதுக்கப்பட்டிருந்தன. பிறந்த நாட்டை வைத்துப் பங்கிடும் அந்த முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. இது புரட்சிகரமான சட்டம் அல்ல என்று ஜான்சனே அன்று பேசினார். அந்தக் கணிப்பு எவ்வளவு தவறியது என்பதற்கு, அந்தக் கூடத்தில் நின்று தமிழில் பேசிக்கொண்டிருக்கும் உங்கள் குடும்பமே சான்று.

தாத்தா பாட்டிக்கு நினைவில் இருக்கக்கூடிய இன்னொரு செய்தி, அமெரிக்கக் கோதுமை. 1960களின் நடுவில் இந்தியாவில் மழை பொய்த்தபோது வந்த கோதுமைக் கப்பல்களை ஜான்சன் மொத்தமாக அனுமதிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகவே அவிழ்த்துவிட்டார். வேளாண்மைக்கு இந்தியா முதலிடம் தர வேண்டும் என்ற நிபந்தனையும், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததால் எழுந்த எரிச்சலும் அதற்குப் பின்னால் இருந்தன. அந்த நெருக்கடியில் அமெரிக்காவோடு பேச்சு நடத்திய உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பகுதியில் பிறந்த சி. சுப்பிரமணியம். இது காட்சியில் உள்ளதா என்று தேடச் சொல்வது மூன்றாம் கேள்விக்கான நல்ல பயிற்சி.

மேல் மாடியில் உள்ள, வெள்ளை மாளிகையில் அதிபர் பணிபுரியும் ஓவல் அலுவலகத்தின் மாதிரி, அசலில் எட்டில் ஏழு பங்கு அளவுடையது. பிள்ளைகளை அங்கிருக்கும் மேசையைக் கூர்ந்து பார்த்துவைக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் நாள் அது தேவைப்படும்.

மூன்றாம் நாள்: ஜான்சன் பண்ணை

ஆஸ்டினிலிருந்து யு.எஸ். 290 சாலையில் மேற்கே ஏறத்தாழ 65 மைல் தொலைவில் ஸ்டோன்வால் இருக்கிறது. அங்குள்ள மாநிலப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு பெற்றுக்கொண்டு, உங்கள் காரிலேயே பண்ணையைச் சுற்றி வரலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இந்தப் பயணத்தில் மிக எளிதான நாள் இதுவே. ஜான்சன் படித்த ஓரறைப் பள்ளிக்கூடம், அவரும் மனைவியும் உறங்கும் குடும்பக் கல்லறை, சிறு ஓடுபாதையில் இறங்குவதற்கென்றே வைத்திருந்த சிறிய ஜெட் விமானம் ஆகியவை வழியில் வரும். 1965 ஏப்ரலில் பள்ளிக் கல்விக்கான கூட்டாட்சி நிதிச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது அந்தப் பள்ளிக்கூடத்தின் அருகில்தான். அப்போது தம் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். பண்ணையில் உள்ள ஜான்சன் வீட்டின் உட்பகுதி பழுது காரணமாக 2018இல் மூடப்பட்டது என்பதால், புறப்படும் முன் தேசியப் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை சாலையோரக் கடைகளில் பீச் பழம் கிடைக்கும். மாலையில் ஆஸ்டினுக்குத் திரும்பிவிடலாம்.

நான்காம் நாள்: காலேஜ் ஸ்டேஷன், மூத்த புஷ் நூலகம்

ஆஸ்டினிலிருந்து கிழக்கே 105 மைல், இரண்டு மணி நேரம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக வளாகத்தில் 1997 நவம்பரில் திறக்கப்பட்ட இந்த நூலகம், பிள்ளைகள் சலிப்படையாமல் பார்க்கும் இடம். 1944 செப்டம்பர் 2 அன்று பசிபிக் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டு, நீர்மூழ்கிக் கப்பலால் காப்பாற்றப்பட்டபோது புஷ்ஷுக்கு 20 வயது. அவர் ஓட்டிய வகையைச் சேர்ந்த அவெஞ்சர் விமானம் ஒன்று காட்சியில் தொங்குகிறது. வெளியே, இடிந்த பெர்லின் சுவரைத் தாண்டிப் பாயும் ஐந்து குதிரைகளின் வெண்கலச் சிலை நிற்கிறது. நாற்பத்தோராவது அதிபர் என்பதால் 4141 என எண்ணிடப்பட்ட ரயில் எஞ்சின் 2018 டிசம்பரில் அவருடைய உடலை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது. இப்போது அதுவும் இங்கேயே இருக்கிறது.

பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சரிவுப் பாதையில் ஏறும்போது, 1990 ஜூலை 26 அன்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் இந்த அதிபர் என்பதைச் சொல்லலாம். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று அவர் ஒப்பமிட்ட குடியேற்றச் சட்டம்தான் எச்-1பி விசாவை உருவாக்கியது. 1965இன் சட்டம் கதவைத் திறந்தது என்றால், மென்பொருள் பொறியாளர்களாக வந்த நம்மில் பலர் நுழைந்த வழி 1990இல் போடப்பட்டது. அதற்குக் காட்சியில் வளைகுடாப் போருக்கு நிகரான இடத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அருங்காட்சியகத்துக்குப் பின்னால் குளத்தைக் கடந்து நடந்தால் கல்லறைத் தோட்டம் வரும். புஷ், மனைவி பார்பரா, 1953இல் இரத்தப் புற்றுநோயால் மூன்று வயதில் இறந்த மகள் ராபின் மூவரும் அங்கே இருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்ட இடம் இது. பிற்பகல் மூன்று மணிக்குள் கிளம்பி ஐ-45 வழியாக டாலஸுக்குப் போனால் 180 மைல். நடுவில் மேடிசன்வில்லில் உள்ள பக்கீஸ் கடையின் கழிப்பறைகள் தூய்மைக்குப் பெயர்போனவை.

ஐந்தாம் நாள்: டாலஸ், இளைய புஷ் நூலகம்

சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழக வளாகத்தில் 2013இல் திறக்கப்பட்ட இந்த மையத்தின் நடுப்பகுதி 2001 செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்தின் முறுக்கிய எஃகுத் தூண்கள் அங்கே நிற்கின்றன. தொடவும் அனுமதி உண்டு. சுற்றிலும் ஓடும் காணொளிகள் கனமானவை என்பதால், சிறு பிள்ளைகளை ஒருவர் தோட்டத்துக்கு அழைத்துப் போகலாம். ஓவல் அலுவலகம் இங்கே முழு அளவில் இருக்கிறது. ஆஸ்டினில் பார்த்த மேசையும் இதுவும் ஒன்றா என்று கேளுங்கள். ஜான்சன் தம் சொந்த மேசையைக் கொண்டுவந்தார். இங்கிருப்பது, பிரிட்டிஷ் கப்பலொன்றின் மரத்தில் செய்து விக்டோரியா அரசி 1880இல் அனுப்பிய ரெசொல்யூட் மேசையின் மாதிரி.

முடிவெடுக்கும் அரங்கம் என்ற பகுதியைத் தவறவிடக் கூடாது. இராக்கின்மீது போர் தொடுப்பதா, வங்கிகளைக் காப்பாற்றுவதா போன்ற கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆலோசகர்களின் கருத்துகளைத் தொடுதிரையில் கேட்டு, சில நிமிடங்களில் நீங்கள் வாக்களிக்க வேண்டும். பிறகு தாம் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று புஷ் திரையில் விளக்குகிறார். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வாக்களித்துவிட்டு வெளியே வந்து விவாதியுங்கள். எந்தத் தகவல் அந்தத் திரையில் தரப்படவில்லை என்று கேட்கும் பிள்ளை, முதல் நாள் கொடுத்த குறிப்பேட்டைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறது. இராக்கில் பேரழிவு ஆயுதக் குவியல்கள் கிடைக்கவில்லை என்பதைக் காட்சி ஒப்புக்கொள்கிறது. எத்தனை சொற்களில் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவரது ஆட்சியில் இந்தியாவோடு ஏற்பட்ட அணுசக்தி உடன்பாடு 2008 அக்டோபரில் முழு வடிவம் பெற்றது. அதற்கான பேச்சில் கல்பாக்கத்தின் வேக ஈனுலை என்னும் அணு உலையைப் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு வெளியே வைத்துக்கொள்வதில் இந்தியா உறுதியாக நின்றது. கல்பாக்கத்தில் வேலை பார்த்த உறவினர் எவரேனும் இருந்தால், மாலையில் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பிள்ளைகளோடு பேசவிடுங்கள்.

இன்னும் இரண்டு நாள் விடுப்பு இருக்கிறவர்கள் ஐ-30இல் வடகிழக்கே 320 மைல் ஓட்டினால், ஆர்கன்சா ஆற்றங்கரையில் 2004இல் திறக்கப்பட்ட கிளின்டன் நூலகம் இருக்கும் லிட்டில் ராக் வந்துவிடும். கிளின்டன் பிறந்த ஹோப் என்னும் சிற்றூர் வழியிலேயே இருப்பதால் அங்கு வண்டியை நிறுத்தி மதிய உணவை முடித்துக்கொள்ளலாம். லிட்டில் ராக்கில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்துவந்த, 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் படைவீரர்களின் காவலோடு நுழைந்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். அது இன்றும் இயங்கும் பள்ளி. எதிரே உள்ள பார்வையாளர் மையத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.